குதிரைப் படம் ஒட்டிய கேசட்

செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து திருவண்ணாமலை ரோட்டில் கொஞ்ச தூரம் வந்தால் என் ஸ்டிக்கர் கடை. வண்டிக்கு நம்பர் பிளேட், ஆட்டோவுக்குப் பின்னால் பிள்ளைகள் பெயர், கல்யாணத்துக்கு ஃப்ளெக்ஸ் என்று எது கேட்டாலும் செய்து கொடுப்பேன். அமாவாசை வந்துவிட்டால் மேல்மலையனூர் போகிற வேன்காரர்கள் கடை வாசலிலேயே வண்டியை நிறுத்திக்கொண்டு, ‘அங்காளம்மன் துணை’ இப்போதே ஒட்டிக்கொடு என்று உயிரை வாங்குவார்கள். உள்ளே ஆட்கள் உட்கார்ந்திருக்க, நடுரோட்டில் வண்டியைப் போட்டுக்கொண்டு கேட்பதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். திட்டிக்கொண்டேதான் ஒட்டுவேன். ஸ்டிக்கர் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பது இந்த ரோட்டுக்கே தெரியும். ஆனால் என் கை ஒட்டிய ஸ்டிக்கரில் ஒரு குமிழி இருக்காது, அதனால் திட்டு வாங்கிக்கொண்டும் வருகிறார்கள்.

அந்த வாயை நான் கட்டிப்போட்டது தம்பிக்கு அடிபட்ட பிறகுதான். அவன் கூரியர் டெலிவரி பார்த்துக்கொண்டிருந்தான். விழுப்புரம் ரோட்டில் மண்டகப்பட்டு தாண்டி வரும்போது நாய் ஒன்று குறுக்கே ஓடியிருக்கிறது. ஹெல்மெட் தலையில் இல்லை, பெட்ரோல் டேங்க் மேல் இருந்தது. புதுச்சேரியில் தலையில் ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்தான். அது வரைக்கும் நாங்கள் கும்பிடாத சாமி இல்லை, அது வேறு கதை.

வீட்டுக்கு வந்தவன் வேறு ஆளாக இருந்தான். வலது கையும் வலது காலும் வலுவில்லாமல் இருந்தன. பிடித்துக்கொண்டால் நடப்பான். அதுகூடப் பரவாயில்லை, தேறிவிடும் என்றார்கள். எங்களை உலுக்கியது இன்னொன்று. அவனுக்கு எதுவும் வேண்டும் என்று தோன்றவில்லை. பசிக்கிறது என்று சொல்ல மாட்டான், ஃபேன் போடு என்று சொல்ல மாட்டான், வெயில் முகத்தில் அடித்தால் அப்படியே உட்கார்ந்திருப்பான். இட்லியா தோசையா என்று அம்மா கேட்டால் “சரி” என்பான். எதுடா என்றால் அதற்கும் “சரி” என்பான். நாள் முழுக்க அந்த ஒரு வார்த்தைதான். முன்னெல்லாம் சாம்பாரில் உப்பு ஒரு கல் குறைந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறவன் அவன்.

முதல் வருடத்துக்குள் எவ்வளவு திரும்பி வருகிறதோ அவ்வளவு நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. அவனுக்குப் பசிப்பதற்கு முன்னால் ஊட்டினாள், வியர்ப்பதற்கு முன்னால் விசிறினாள். நானும் கடையை மூடிவிட்டு வந்தால் அவனிடம் தொட்டில் குழந்தையிடம் பேசுகிற மாதிரி கொஞ்சிக் கொஞ்சிப் பேசுவேன். எங்கள் வீட்டில் அதற்கு முன்னால் யாரும் யாரிடமும் அப்படிப் பேசியதில்லை.

திண்டிவனத்திலிருந்து ஸ்கூட்டரில் ஒரு பிசியோ மேடம் வருவார். சின்ன வயதுதான், ஆனால் கறார். அம்மா ஓடி ஓடிச் செய்வதைக் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு ஒருநாள் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

“நீங்க முந்திக்கினு குடுத்துட்டா அவரு எதுக்குமா கேக்கணும்? அவருக்கு இன்னா வேணும்னு அவருதான் சொல்லணும். அது வந்துட்டா மத்ததெல்லாம் பின்னாலயே வரும்.”

சின்ன வயதில் அவனுக்கு எதில் பைத்தியம் என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. டி.வி. கேம் என்றேன். நைனா உயிரோடு இருந்தபோது புதுச்சேரிக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமை சந்தையில் ஒரு கேசட் வாங்கிவருவார். மஞ்சள் பிளாஸ்டிக்கில், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். கேம் பெட்டியில் சொருகினால் டி.வி.யில் ஆட்டம் வரும். முழுப்பரீட்சை லீவு முழுக்க நாங்கள் இரண்டு பேரும் அதன் முன்னால்தான் கிடப்போம். கைக்கும் நல்ல பயிற்சி, இருந்தால் எடுங்கள் என்றார் மேடம்.

பெட்டியும் கேசட்டும் பரணில் இருந்தன. நைனாவின் பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டி அம்மா வைத்திருந்தாள். அடாப்டர் போயிருந்தது. ஆடுவதற்கான இரண்டு ரிமோட்டில் ஒன்றின் வயரை எலி கடித்திருந்தது. டி.வி. ரிப்பேர் கடையில் கொடுத்து இரண்டையும் சரிசெய்து, புது டி.வி.யின் பின்னால் தேடித்தேடி மூன்று கலர் வயரையும் சொருகினேன். படம் வந்தது. அந்த இரைச்சல் மியூசிக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தம்பி டி.வி.யைப் பார்த்தான், பிறகு ஜன்னலைப் பார்த்தான்.

நீங்களாக எதையும் போடக் கூடாது, கேசட்டையெல்லாம் வரிசையாக வைத்து அவரையே எடுக்கச் சொல்லுங்கள் என்றார் மேடம். வைத்தேன். எது வேணும்டா என்றேன். “சரி” என்றான். எல்லாம் ஒரே மஞ்சள் டப்பா. மேலே இருந்த படமெல்லாம் போயிருந்தது. சிலதில் காகிதம் வெளுத்துச் சுருண்டிருந்தது, சிலதில் ஒரு மூலை மட்டும் மிச்சம், சிலதில் வெறும் பசை அழுக்கு. நானாக இருந்தாலும் எதை எடுப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. படம் இல்லாமல் அவர் எப்படி எடுப்பார், பாவம் என்றார் மேடம்.

“லேபிள்தானே மேடம்? அது நம்ம கை வேலை” என்றேன்.

எவ்வளவு தெம்பாகச் சொன்னேன் தெரியுமா. அவன் அடிபட்ட நாளிலிருந்து எனக்குத் தெரியாத விஷயங்களாகவே நடந்துகொண்டிருந்தன. ஸ்கேன் என்றார்கள், ரத்தக்கட்டு என்றார்கள், எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு நின்றேன். முதல்முறையாக எனக்குத் தெரிந்த ஒரு வேலை அவனுக்குத் தேவைப்பட்டது.

கேசட்டையெல்லாம் கடைக்கு எடுத்துப்போனேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதுசு ஒட்டுவதற்கு முன்னால் பழசைச் சுத்தமாக எடுத்துவிட வேண்டும். ஒரு பொட்டுப் பசை கீழே தங்கினாலும் புது ஸ்டிக்கர் அங்கே தூக்கிக்கொள்ளும். ஹீட் கன்னை எட்டப் பிடித்து லேசாகச் சூடு காட்டி, பழைய லேபிளை ஓரத்திலிருந்து உரித்தேன். பசைக்குத் தேங்காயெண்ணெய் தடவி ஊறவிட்டுத் துணியால் துடைத்தேன். தின்னர் போட்டால் சீக்கிரம் போகும், ஆனால் பிளாஸ்டிக் வெந்துவிடும். உரித்த குப்பையை உடனுக்குடன் கூட்டி அள்ளிக் கொட்டினேன். சுத்தமாக வேலை செய்கிறோம் என்ற திமிர்.

அடுத்தது, எதில் என்ன கேம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நம்பர் பிளேட் போடுகிற கை இது. ஒருமுறை ஒரு எழுத்து மாறிப்போய், அந்த வண்டிக்காரரைப் போலீஸ் பிடித்து, அவர் நேராகக் கடைக்கு வந்து ரோடு கேட்க என்னைக் கிழித்துவிட்டார். அதிலிருந்து ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்காமல் ஒரு நம்பரும் வெட்ட மாட்டேன். உள்ளே இருப்பதுதான் வெளியே இருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு கேசட்டாக அதன் பித்தளைப் பல்லை அழிரப்பரால் தேய்த்து, வீட்டுக்கு எடுத்துப்போய் டி.வி.யில் போட்டு, வருகிற பெயரைக் குறித்துக்கொண்டேன். டேங்க் சண்டைக்கு டேங்க் படம், கார் ரேஸுக்குக் கார் படம், ஃபுட்பாலுக்கு ஃபுட்பால் படம். இன்டர்நெட்டில் தேடி, கலரை ஏற்றி, போட்டோ ஸ்டிக்கர் ஷீட்டில் பிரின்ட் போட்டு, மேலே லேமினேஷன் ஒட்டி, மூலையெல்லாம் வளைவாக வெட்டினேன். பழைய ஏ.டி.எம். கார்டை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி ஒட்டினேன். முடித்ததும் மேஜையில் அடுக்கிவைத்துப் பார்த்தேன். கம்பெனியில்கூட அப்படிப் போட்டிருக்க மாட்டான்.

சாயங்காலம் தம்பி முன்னால் கடைபரப்பினேன். எது வேணும் என்றேன். அவன் குனிந்து பார்த்தான். ஒவ்வொன்றாகப் பார்த்தான். டேங்க் படம் போட்ட கேசட்டை இடது கையால் எடுத்தான், மடியில் வைத்தான். அம்மாவைக் கூப்பிடலாம் என்று வாயைத் திறக்கிறேன், அவன் வலது கையைக் கொண்டுவந்தான். தண்ணீர் டம்ளரைப் பிடிக்கவே தடுமாறுகிற கை அது. கட்டைவிரல் நகத்தை லேபிளின் மூலையில் வைத்துச் சுரண்ட ஆரம்பித்தான். நகம் வழுக்கி வழுக்கிப் போனது. விடவில்லை. மூலை தூக்கியதும் பிடித்து இழுத்தான். டர்ரென்று பாதி லேபிள் கையோடு வந்தது. பிறகு காரை எடுத்தான். அதையும் உரித்தான்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. எத்தனை நாள் வேலை, எவ்வளவு ஷீட், எவ்வளவு பார்த்துப் பார்த்து வெட்டியது. தொண்டை வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, ஏன்டா கண்ணு, புடிக்கலையா என்று கொஞ்சினேன். அவன் என்னைப் பார்த்து “இல்ல” என்றான்.

அந்த வார்த்தை எவ்வளவு பெரியது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. வீடு திரும்பியதிலிருந்து அவன் ‘இல்லை’ என்று சொன்னதே கிடையாது. நான் முட்டாள், லேபிள் கிழிந்த வயிற்றெரிச்சலில் எழுந்து அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் புலம்பினேன். அவன் மூளை இன்னும் தெளியவில்லை, எல்லாவற்றையும் பிய்த்துப் போடுகிறான் என்றேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். பாதி கிழிந்த டேங்க் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன் பின்பக்கம் ஒரு ஓரம் உருகியிருக்கும், நைனாவின் பீடி பட்டது.

“இது குதிரை கேசட்டுடி. இதுல எதுக்கு டேங்கு ஒட்டி வெச்சிருக்கற?” என்றாள்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அம்மா வாழ்க்கையில் ஒரு நாளும் அந்த கேமை ஆடியதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. கூட்டிப் பெருக்கும்போது எடுத்து ஓரமாக வைத்தவள், அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மேலே இருந்த படம்தான். அந்தப் படங்கள் எல்லாமே பொய். சந்தையில் விற்றதெல்லாம் போலி, எந்தப் படம் கையில் கிடைத்ததோ அதை எந்த டப்பாவிலோ ஒட்டி அனுப்பிவிடுவார்கள். குதிரை ஓட்டுகிறவன் படம் போட்டதில் டேங்க் சண்டை இருக்கும். சிவப்பு கவுன் போட்ட பொம்பளை படத்தில் கார் ரேஸ் இருக்கும். முதலையைப் போட்டால் ஃபுட்பால் வரும். முதலில் வாங்கிவந்தபோது ஏமாந்துபோய் அழுதோம். பிறகு அதுவே பெயராகிவிட்டது. ‘குதிரை போடலாமா’ என்றுதான் கேட்டுக்கொள்வோம். டேங்க் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதே இல்லை.

நான் எல்லாவற்றையும் திருத்திவிட்டேன். கேசட்டுக்கு ஆர்.சி. புத்தகம் பார்த்து வேலை செய்திருக்கிறேன். அவன் மூளை தெளிவாகத்தான் இருந்தது. அவன் குதிரையைத் தேடியிருக்கிறான், கையில் டேங்க் வந்திருக்கிறது, ஒருவேளை குதிரை அதன் அடியில் இருக்கும் என்று உரித்துப் பார்த்திருக்கிறான். புரிந்ததும் ஓடிப்போய் அவன் தலையைப் பிடித்துக்கொண்டேன். ஏதோ வேண்டும் என்று இவனுக்குத் தோன்றியிருக்கிறது, வேண்டாததை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

ஆனால் பழைய லேபிளில் மிச்சமிருந்த மூலைகளைத்தான் நான் கூட்டி அள்ளிக் கொட்டிவிட்டேனே. குதிரையின் வால் ஒரு கேசட்டில் இருந்தது, நன்றாக ஞாபகம் இருக்கிறது, அதை நானே உரித்தேன். இன்டர்நெட்டில் தேடினால் உண்மையான படங்கள்தான் வருகின்றன, எங்கள் வீட்டுப் பொய்ப் படம் ஒன்றும் இல்லை. மேடம் வந்தபோது சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அப்படியானால் அவரைக் கேட்டே செய்யுங்கள் என்றார்.

தம்பியை ஆட்டோவில் கடைக்கு அழைத்துப்போய் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை, கோட்டை பார்க்க வந்த கார்கள் ரோடு முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஐயனார் கோயில் திருவிழாவுக்கு ஃப்ளெக்ஸ் போட்ட குதிரைகள் என்னிடம் வகைவகையாக இருந்தன. ஒவ்வொன்றாகக் காட்டினேன். வெள்ளைக் குதிரைக்கு அவன் பேசாமல் இருந்தான். கறுப்புக்கும் பேசவில்லை. பழுப்புக் குதிரை வந்ததும் ஸ்கிரீனில் விரலை வைத்தான். வைத்த விரலை எடுக்காமல் இடது பக்கமாக இழுத்தான். எனக்குப் புரியவில்லை. மறுபடியும் இழுத்தான்.

“இந்தாண்ட” என்றான்.

குதிரை வலது பக்கம் பார்த்து நின்றது. திருப்பிப் போட்டேன். தலையை ஆட்டினான். ஐயனாரை எடுத்துவிட்டு ஒரு தொப்பிக்காரனை ஏற்றினேன், அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிவப்பு கவுன் பொம்பளைக்கு ஒரு பியூட்டி பார்லர் பேனரில் இருந்த பெண்ணை எடுத்து, புடவையை அழித்து, கவுன் வரைந்தேன். அது பார்க்கச் சகிக்கவில்லை. அவன் பார்த்துவிட்டு “முடி” என்றான். ஆமாம், அவளுக்கு முடி மஞ்சளாக இருந்தது, நான் மறந்தே போனேன். முதலை பள்ளிக்கூட சார்ட்டிலிருந்து வந்தது. அதற்கு வாய் இன்னும் திறந்திருக்க வேண்டும் என்று தன் வாயைத் திறந்து காட்டினான். நம்பர் பிளேட்டுக்கு வந்து நின்ற ஒருவர், இன்னா இது, முதலைக்கு ஸ்டிக்கரா என்று கேட்டார். உங்க வேலைய பாருங்க, நம்பர் வாணுமா வாணாமா என்று அவரை ஒரு வாங்கு வாங்கினேன்.

அதற்குப் பிறகு பல நாள் அவனைக் கடைக்கு அழைத்துவந்தேன். ஏ.டி.எம். கார்டை வலது கையில் கொடுத்துக் குமிழியைத் தள்ளச் சொன்னேன். கோணலாகத்தான் ஒட்டினான். அந்தக் கோணல் லேபிள்களை நான் சரிசெய்யவில்லை. வேறு யாராவது அப்படி ஒட்டியிருந்தால் கடையை விட்டே துரத்தியிருப்பேன்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் வீட்டில் வரிசையாக வைத்தோம். அம்மா முறுக்கு மாவை அப்படியே போட்டுவிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். எது வேண்டும் என்று நான் கேட்கக்கூட இல்லை. அவன் நேராகக் குதிரையை எடுத்தான். வாயருகே கொண்டுபோய் இரண்டு ஊது ஊதினான். தானே சொருகினான், தானே பவரை அமுக்கினான். டி.வி.யில் டேங்குகள் வந்து நின்றன. அம்மாவுக்குக் கண்ணீர் கொட்டுகிறது, துடைக்கவும் இல்லை. நான் இரண்டாவது ரிமோட்டை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். இத்தனை நாள் உழைத்ததற்கு இனிமேல் என்ன வேண்டும் என்று இருந்தது.

அவன் என் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தான்.

“வாணாம்” என்றான்.

ஆட வேண்டாம் என்கிறான் போல, அவ்வளவுதான் போல என்று நினைத்துக்கொண்டேன். சரிடா கண்ணு, நாளைக்கு ஆடலாம் என்று சொல்லிக்கொண்டே ரிமோட்டைக் கீழே வைத்தேன். அவன் அதை எடுத்து அம்மா பக்கம் தள்ளினான். நான் இன்னாத்தடா ஆடப்போறேன், எனக்கு இதெல்லாம் தெரியாதே என்றாள் அம்மா.

“அக்கா வாணாம். அது போங்கு” என்றான்.

எனக்கு ஏறியது பாருங்கள். யாருடா போங்கு? நான் போங்கா? தோற்கிற மாதிரி வந்தால் ரீசெட் பட்டனை அமுக்கி ஆட்டத்தைக் கலைத்துவிட்டுக் கரண்ட் போய்டுச்சு என்பேன், அதுவும் எப்போதாவதுதான், அதைப் போய் இவ்வளவு வருஷம் மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறானே. உனக்கு லேபிள் ஒட்டி ஒட்டி என் விரலெல்லாம் தோல் உரிந்துபோச்சு, நன்றிகெட்டவனே என்று கத்தினேன். அழுதுகொண்டே கத்தினேன். கொஞ்சுகிற குரல் எங்கே போனது என்று தெரியவில்லை, இது என் சொந்தக் குரல். அம்மா என்னை அடக்கப் பார்த்தாள். அவன் பயப்படவில்லை, முகம் சிவந்து, வாய் கோணி, வார்த்தையைத் தேடித்தேடி எடுத்து என்னோடு மல்லுக்கு நின்றான். “நீதான். எப்பவும். நீதான்.”

ரிமோட்டை அம்மா தலைகீழாகப் பிடித்திருந்தாள். அவன் அதைத் திருப்பிக் கொடுத்தான். ஆட ஆரம்பிப்பதற்கு முன்னால் வலது கையைத் தூக்கிக் கொண்டுபோய் கேம் பெட்டியின் ரீசெட் பட்டன்மேல் வைத்து மூடிக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் எழுந்து தள்ளிப்போய் உட்காரும் வரைக்கும் அந்தக் கையை எடுக்கவே இல்லை.